எச்சில் வாளியில் கடல் கடந்த காய்ச்சல்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்த செய்தி நினைவிருக்கிறதா? ஆய்வகத்தில் பார்த்தபோது அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் வயநாட்டில் பண்ணைப் பன்றிகளுக்கு அதே நோய் வந்திருந்தது. அந்தச் சமயத்தில் காலை நடைப்பயிற்சியில் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், ஆப்பிரிக்கா எங்கே இருக்கு, முதுமலை எங்கே இருக்கு? நடுவுல இவ்வளவு பெரிய கடல். பன்றி நீந்தியா வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்ட பல கேள்விகளுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். படிக்க உட்கார்ந்தால் அது நூறாண்டுக் கதையாக விரிந்தது. அந்த நண்பருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2009-இல் நம்மை முகக்கவசம் போட வைத்த 'பன்றிக் காய்ச்சல்' வேறு. அது மனிதர்களுக்கு வரும் ஒருவகை ஃப்ளூ. நான் எழுதப்போகும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதர்களுக்கு வராது. அந்தப் பன்றியின் இறைச்சியைத் தின்றாலும் வராது. பன்றிக் குடும்பத்துக்கு மட்டுமே வரும். ஆனால் வீட்டுப் பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் கொட்டகையே காலியாகிவிடும். கடும் காய்ச்சல், காதும் வயிறும் சிவந்து நீலம் பாரித்தல், உள்ளே ரத்தக் கசிவு, பிறகு சாவு. வாட்ஸ்அப்பில் வந்த பயமுறுத்தல்களை நம்பிக் கறிக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கதை கென்யாவில் தொடங்குகிறது. அப்போது அது பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கா. குடியேறிய வெள்ளைக்காரர்கள் ஐரோப்பியப் பன்றிகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 1909, 1910 வாக்கில் அந்தப் பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. யூஸ்டஸ் மான்ட்கோமரி என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் கவனித்து 1921-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பாவில் முன்பே ஒரு பன்றிக் காய்ச்சல் உண்டு. அதற்கான எதிர்ப்புச் சீரம் இந்த நோயில் பலிக்கவில்லை. ஆகவே இது வேறு நோய் என்று அவர் முடிவுகட்டினார். காட்டில் இருக்கும் பன்றி இனங்கள் நோய் இல்லாமலே இதைச் சுமக்கின்றன என்றும் சந்தேகப்பட்டார்.

சந்தேகம் சரிதான். 'லயன் கிங்' படத்தில் பும்பா என்று ஒரு பன்றி வருமே, முகத்தில் பருக்களும் வளைந்த கோரைப் பற்களுமாக? அதுதான் வார்ட்ஹாக். அது வளையில் குட்டி போடும். அந்த வளைக்குள் ஒருவகை உண்ணி வாழ்கிறது. உண்ணி கடித்தால் குட்டியின் ரத்தத்தில் சில நாள் வைரஸ் ஓடும். குட்டிக்கு ஒன்றும் ஆகாது. வேறு உண்ணி வந்து அந்த ரத்தத்தைக் குடிக்கும். அடுத்த ஆண்டு அடுத்த குட்டியைக் கடிக்கும். யாருக்கும் சேதமில்லாமல் நெடுங்காலமாக நடந்துவந்த ஏற்பாடு இது. அதன் நடுவே கப்பலில் வந்த ஐரோப்பியப் பன்றியைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். அதன் உடம்புக்கு இந்த வைரஸ் பழக்கமே இல்லை. பெயர் மட்டும் ஆப்பிரிக்காவின் தலையில் விழுந்தது. பழைய இடத்துக்குப் புதிய விலங்கைக் கொண்டுபோனவர்கள் யார் என்பது பெயரில் இல்லை.

அடுத்து மரபணு விஷயம். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

வீட்டுப்பாட நோட்டுத் திருத்தும்போது ஒரு பையன் 'கல்லணை' என்பதைக் 'கல்லனை' என்று எழுதியிருப்பான். அடுத்த மூன்று நோட்டிலும் அதே 'கல்லனை'. சரி, ஒரே நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றில் மட்டும் 'கட்டினான்' என்பது 'கட்டிணான்' என்று இருக்கும். ஐந்தாவதாக ஒரு நோட்டில் 'கல்லனை'யும் இருக்கும், 'கட்டிணான்' என்பதும் இருக்கும். அவன் யாரைப் பார்த்து எழுதினான் என்று கேட்க வேண்டியதே இல்லை. சரியாக எழுதியவர்களின் நோட்டு எதையும் காட்டிக்கொடுக்காது. பிழைதான் காட்டிக்கொடுக்கும். உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்து, பாடபேதம் பார்த்துப் பதிப்பித்தாரே, அவர் வேலையிலும் இந்த வழி உண்டு.

வைரஸும் படியெடுத்துத்தான் பெருகுகிறது. அதன் மரபணுச் சங்கிலி நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட வாசகம். கொரோனா வைரஸுக்குச் சுமார் 30,000 எழுத்து. இந்தப் பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு 1,70,000 முதல் 1,90,000 எழுத்து வரை. இது டி.என்.ஏ. வைரஸ் என்பதால் கொரோனாவைவிட நிதானமாகத்தான் பிழை விடும். ஆனால் விடும். எங்கே எந்தப் பிழை இருக்கிறது என்று ஒப்பிட்டால் எந்த ஊர் வைரஸ் எந்த ஊர் வைரஸைப் பார்த்து எழுதியது என்று சொல்லிவிடலாம்.

2003-இல் ஆர்மண்டா பாஸ்டோஸ் என்ற அறிவியலாளரின் குழு இதற்கு ஒரு சுருக்கு வழி கொடுத்தது. முழு வாசகத்தையும் படிக்காமல், வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவின் கடைசிப் பகுதியை மட்டும் படித்து வகை பிரித்தார்கள். அப்போது பத்து வகை. பின்னால் அது 24 வரை போனது. 2023-இல் வேறொரு குழு மறுபடி கணக்குப் பார்த்து, இதில் பலவற்றைத் தனி வகை என்று சொல்லக்கூடாது, ஆறாகச் சுருக்கலாம் என்றது. எப்படிப் பிரித்தாலும் ஒரு விஷயம் மாறவில்லை. அத்தனை வகையும் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. அதிலும் தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவில்தான் மிகுதி. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேரூன்றியவை இரண்டே வகை. முதல் வகை, இரண்டாம் வகை.

இதற்கு என்ன பொருள்? ஒரு வகுப்பில் நாற்பது நோட்டில் விதவிதமான பிழை இருந்தால், அங்கே பாடம் நெடுநாளாக நடக்கிறது. இன்னொரு வகுப்பில் எல்லா நோட்டிலும் ஒரே பிழை இருந்தால், வெளியிலிருந்து ஒரே ஒரு நோட்டு உள்ளே வந்திருக்கிறது. ஆப்பிரிக்கா இந்த வைரஸின் பூர்வீகம். அங்கிருந்து உலகைச் சுற்றிப் பரவிய அத்தனை சாவும் இரண்டு நோட்டுகளின் நகல்.

இந்த இரண்டு நோட்டும் எப்படி வெளியே போயின? அங்கேதான் என் நண்பருக்கான பதில் இருக்கிறது.

முதல் நோட்டு போனது 1957-இல். ஊர் லிஸ்பன். போர்ச்சுகல் அப்போது அங்கோலாவை ஆண்டுகொண்டிருந்தது. விமானங்கள் போய்வந்தன. விமானத்தில் பயணிகள் தின்றது போக மிச்சத்தை லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பன்றிகளுக்குப் போட்டார்கள். அதில் நோய்ப்பட்ட பன்றியின் இறைச்சி இருந்திருக்கிறது. பன்றிகள் மடிந்தன. அந்த முறை கொன்று புதைத்து அடக்கிவிட்டார்கள். 1960-இல் மறுபடி வந்தது. இந்தத் தடவை எல்லை தாண்டி ஸ்பெயினுக்குப் போனது. வகை பார்த்தால் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அங்கோலாவிலும் காணும் முதல் வகை.

ஆக, பன்றி நீந்தி வரவில்லை. எச்சில் வாளியில் வந்தது. இந்த வைரஸ் உறைந்த இறைச்சியிலும் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். 60 டிகிரி சூட்டில் 20 நிமிடம் வைத்தால் செத்துவிடும். அந்த எச்சிலை ஒரு கொதி கொதிக்க வைத்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஸ்பெயின் பட்ட பாடு பெரிது. 1963-இல் சான்செஸ் போட்டிஹா என்ற ஆய்வாளர், அந்நாட்டுப் பன்றிக் கொட்டகைகளின் சுவர்ப் பிளவுகளில் இருந்த உண்ணிக்குள்ளேயே வைரஸ் குடியேறிவிட்டதைக் கண்டார். ஆப்பிரிக்க உண்ணியிலும் இருக்கிறது என்று வால்டர் பிளவ்ரைட் கண்டது அதற்குப் பிறகு, 1969-இல்தான். அவர் மாட்டு வெக்கை நோய்க்குத் தடுப்பூசி செய்து பேர் பெற்றவர். அதே அறுபதுகளின் தொடக்கத்தில் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் வைரஸை வலுவிழக்கச் செய்து அவசரமாக ஒரு தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பல பன்றிகள் அதனாலேயே நோயுற்றன. பிழைத்தவை நோயை மறைத்துச் சுமந்து திரிந்தன. அந்த அடியில் தடுப்பூசிப் பேச்சே பல பத்தாண்டுகளுக்கு அடங்கிப்போனது.

இதற்கிடையில் முதல் நோட்டின் நகல்கள் ஊர் சுற்றின. 1971-இல் கியூபா. 1978-இல் இத்தாலியின் சார்டீனியா தீவு. அங்கே நாற்பது ஆண்டுக்கு மேல் தங்கிவிட்டது. அதே 1978-இல் மால்டா. அந்தத் தீவில் இருந்த பன்றிகள் அத்தனையையும் கொன்றார்கள். அதே ஆண்டில் பிரேசில். ரியோ டி ஜெனிரோ அருகே, மறுபடியும் விமானத்து மிச்சச் சோறு. அதே ஆண்டில் டொமினிகன் குடியரசு. அங்கிருந்து ஒரே தீவின் மறுபாதியான ஹைட்டிக்கு.

ஹைட்டியில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஹைட்டியின் கிராமத்துப் பன்றிக்குக் கிரியோல் பன்றி என்று பெயர். கறுப்பு, சிறிய உருவம், கெட்டி உடம்பு. தோட்டத்தில் விழுந்த பழம், தோல், வேர், குப்பை எதையும் தின்னும். சிமெண்டுத் தரை கேட்காது, வாங்கிப் போடும் தீவனம் கேட்காது. ஏழை விவசாயிக்கு வங்கிக் கணக்கு அதுதான். கல்யாணம், சாவு, வைத்தியம் என்று வந்தால் ஒன்றை விற்பார்கள். அக்டோபரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஒன்றை விற்பார்கள்.

நோய் வந்தது. நிறையப் பன்றிகள் செத்தன. ஆனால் அங்கே பரவியது கொஞ்சம் வீரியம் குறைந்த கிளை. நிறையப் பன்றிகள் பிழைத்தும் கொண்டன. பக்கத்தில் இருந்த அமெரிக்காவுக்கோ தன் பெரும் பன்றித் தொழில் பற்றிய பயம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்து பணம் போட்டு ஒரு திட்டம் வந்தது: ஹைட்டியில் ஒரு பன்றிகூட மிச்சம் இருக்கக்கூடாது. 1982, 83 வாக்கில் ஊர் ஊராகப் போய்ச் சில லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். கண்ணுக்கு முன்னால் நல்லபடியாகத் திரிந்த பன்றியை ஏன் கொல்கிறார்கள் என்று பலருக்குப் புரியவில்லை. இழப்பீடும் பலர் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1984-இல் ஹைட்டி நோயற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் அது வெற்றி.

பதிலுக்கு அமெரிக்காவின் அயோவாவிலிருந்து வெள்ளைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்குச் சிமெண்டுத் தரை வேண்டும், கூரை வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும், இறக்குமதித் தீவனம் வேண்டும். வளர்ப்பவர் வீட்டிலேயே அதெல்லாம் கிடையாது. ஹைட்டி மக்கள் அந்தப் பன்றிகளுக்கு 'நாலு கால் இளவரசர்' என்று பேர் வைத்தார்கள். வயிற்றெரிச்சலில் வந்த நகைச்சுவை. பின்னாளில் அந்நாட்டின் அதிபராக இருந்த ஜான் பெர்ட்ராண்ட் அரிஸ்டீட், கிராமப் பள்ளிகளில் சேர்க்கை நூற்றுக்கு முப்பது குறைந்தது என்று எழுதியிருக்கிறார்.

இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் ஒரு கிராமப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். ஊருக்கு வெளியே குடிசை போட்டுப் பன்றி வளர்த்த ஒரு குடும்பத்தின் பையன் என் வகுப்பில் படித்தான். அவன் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவர்களைக் கண்டித்திருக்க வேண்டும். செய்தது என்ன தெரியுமா? அவனைக் கடைசி வரிசையில், சன்னல் ஓரமாகத் தனியே உட்கார வைத்தேன். 'காற்று வரும்' என்று ஒரு சமாதானமும் சொன்னேன். ஐந்து முடித்ததும் அவன் அம்மா வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "சார், ரெண்டு குட்டி வித்துட்டேன். டவுன் பள்ளிக்கூடத்துல சேர்க்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க சார்" என்றார். எழுதிக் கொடுத்தேன். உள்ளே வாங்கம்மா என்று சொன்னேனா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் நினைவிருக்கும்.

அந்த இரண்டு குட்டிதான் அவன் ஆறாம் வகுப்பு. அந்த ஆண்டு அவர்கள் பன்றிக்கு இப்படி ஒரு நோய் வந்திருந்தால்? யாரோ வந்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்? ஹைட்டியில் அந்த அக்டோபர்களில் பள்ளிக்கு வராமல் போன பிள்ளைகள் எனக்கு யாரோ இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். அதே காலத்தில் ஸ்பெயின் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1986-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர இருந்ததால், 1985-இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. பன்றி வளர்ப்பவர்களைச் சங்கமாகச் சேர்த்தார்கள். கால்நடை மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நோய் சுமக்கும் பன்றிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொன்றார்கள். கொன்றதற்கு இழப்பீடு கொடுத்தார்கள். உண்ணி பிடித்த பழைய கொட்டகைகளைக் கைவிட வைத்தார்கள். 1995-இல் நோய் ஒழிந்தது. வந்து 35 ஆண்டு, திட்டம் போட்டுப் பத்து ஆண்டு.

நோய் அதேதான். இரண்டு நாட்டிலும் முதல் வகை. ஒரு நாட்டில் பன்றி வளர்ப்பவரை வேலைக்குக் கூட்டுச் சேர்த்தார்கள். இன்னொரு நாட்டில் அவரைத் தடையாகப் பார்த்தார்கள். ஸ்பெயினிடம் பணம் இருந்தது, ஹைட்டியிடம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஹைட்டியில் கொல்வதற்குப் பணம் இருந்ததே?

இரண்டாவது நோட்டு 2007-இல் வெளியே வந்தது. கருங்கடல் ஓரம் ஜார்ஜியா நாட்டில் போத்தி என்று ஒரு துறைமுகம். அதன் அருகே பன்றிகள் செத்தன. எழுத்துக்கூட்டிப் படித்தபோது அது முதல் வகை இல்லை. மொசாம்பிக், மடகாஸ்கர், ஜாம்பியா பக்கம் காணும் இரண்டாம் வகை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலிருந்து கப்பலில் வந்த உணவுக் கழிவுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். லிஸ்பனில் விமானம், போத்தியில் கப்பல். ஐம்பது ஆண்டு இடைவெளி. வாளி அதே வாளி.

இந்த இரண்டாம் வகை மிகக் கொடியது. ரஷ்யாவுக்குப் போனது. 2014-இல் லிதுவேனியா, போலந்து. காட்டுப்பன்றிகளுக்குள் புகுந்துகொண்டு காட்டு வழியாகவும் நகர்ந்தது. லாரி வழியாகவும் பைக்குள் இருந்த இறைச்சி வழியாகவும் தாண்டிக் குதித்தது. காட்டுப்பன்றி ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் போகாது. அவ்வளவு தூரத்தில் திடீரென்று நோய் முளைத்தால் நடுவில் மனிதன் இருக்கிறான். செக் நாடும் பெல்ஜியமும் வேலி போட்டு, செத்த பன்றிகளைத் தேடித் தேடி அப்புறப்படுத்தி நோயை ஒழித்தன. முடியும் என்பதற்கு அவை சாட்சி.

2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங் நகரில் கண்டுபிடித்தார்கள். உலகத்துப் பன்றிகளில் ஏறக்குறையப் பாதி சீனாவில் இருந்தன. அடுத்த ஓராண்டில் அந்நாட்டுப் பன்றி எண்ணிக்கை நூற்றுக்கு நாற்பது அளவுக்குச் சரிந்தது. பன்றிக்கறி விலை இரட்டிப்பானது. 2019-இல் வியட்நாம், சுமார் 60 லட்சம் பன்றி போனது. ஜார்ஜியாவில் எடுத்த வைரஸையும் சீனாவில் எடுத்ததையும் ஒப்பிட்டால் லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்தில் வித்தியாசம் மிகச் சொற்பம். அவ்வளவு நெருங்கிய நகல்.

2020-இல் அருணாசலப் பிரதேசத்திலும் அசாமிலும் பன்றிகள் செத்தன. போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் உறுதி செய்தது: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், இரண்டாம் வகை. இந்தியாவுக்குள் இந்த நோய் வந்தது இதுதான் முதல் தடவை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 90 லட்சம் பன்றி. அதில் அசாமில் மட்டும் 21 லட்சம். வடகிழக்கில் பன்றி என்பது கேவலமான பிராணி இல்லை. சீர், விருந்து, சேமிப்பு எல்லாம் அதுதான். கொல்லையில் இரண்டோ மூன்றோ வைத்துப் பெரும்பாலும் பெண்களே வளர்க்கிறார்கள். அடுத்த ஆண்டு மிசோரத்தில் பல்லாயிரம் பன்றி போனது. 2022-இல் வயநாடு. 2023-இல் நம் முதுமலை. மொசாம்பிக் பக்கத்திலிருந்து போத்தி, ஷென்யாங், அசாம் என்று வந்த நோட்டின் நகல் அது.

இன்னும் இரண்டு செய்தி சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, சீனாவில் 2021-இல் முதல் வகையும் தலைகாட்டியது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் வகையும் இரண்டாம் வகையும் கலந்த ஒரு வைரஸை அங்கே கண்டதாகச் சொன்னது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்து எழுதிய மூன்றாவது நோட்டு. பிறகு வியட்நாமிலும் அது தென்பட்டது. வியட்நாம்தான் 2022-இல் தடுப்பூசிக்கு உரிமம் கொடுத்து, நடுவில் பன்றிகள் செத்ததால் நிறுத்தி, 2023-இல் நாடு முழுவதும் அனுமதித்த நாடு. இரண்டாம் வகையிலிருந்து செய்த தடுப்பூசி ஒன்று அந்தக் கலப்பு வைரஸைத் தடுக்கவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே எந்த ஊரில் எந்த எழுத்து இருக்கிறது என்று படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது ஆய்வகத்துக்காரரின் பொழுதுபோக்கு அல்ல.

இரண்டு, 2021-இல் நோய் மறுபடி டொமினிகன் குடியரசுக்கும் ஹைட்டிக்கும் போய்விட்டது. இந்தத் தடவை இரண்டாம் வகை. ஒரு பன்றிகூட மிச்சம் வைக்காமல் கொன்று வாங்கிய 'நோயற்ற நாடு' என்ற பட்டம் நாற்பது ஆண்டுகூட நிற்கவில்லை. போன கிரியோல் பன்றி போனதுதான்.

நம் நாட்டில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளைக் கொல்ல வேண்டும் என்பது விதி. மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து இழப்பீடு தர வேண்டும். கொல்வது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வைரஸை நிறுத்த இன்றைக்கு அதைவிட நிச்சயமான வழி இல்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு பன்றி வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு ஒன்று காய்ச்சலாகப் படுத்துவிட்டது. தகவல் சொன்னால் இரண்டும் போகும், அக்கம்பக்கத்துப் பன்றியும் போகும், பணம் எப்போது வரும் என்று தெரியாது. சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரி விற்றால் கையில் கொஞ்சம் காசு. அவர் எதைச் செய்வார்? நாம் எதைச் செய்வோம்? இழப்பீடு ஒரு மாதம் தள்ளிப்போனால் வைரஸ் ஒரு மாவட்டம் தாண்டிப்போகும். பன்றி வளர்ப்பவரின் நம்பிக்கையும் ஒரு தடுப்பு மருந்துதான். ஸ்பெயினில் அதைப் போட்டார்கள்.

நடைப்பயிற்சி நண்பரிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். "அப்போ நம்ம ஓட்டல் எச்சில்?" என்று கேட்டார். சரியான கேள்வி. நம் ஊர்களிலும் ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபத்து மிச்சம்தான் பன்றிக்குப் போகிறது. கொதிக்க வைத்துப் போடச் சொல்லுங்கள். கொதிக்க வைக்க விறகுக்குக் காசு யார் கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டால், அதுவும் நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இந்தப் பதிவு எப்படியோ அவன் கண்ணில் பட்டால், கடைசி வரிசையில் உட்கார வைத்ததற்கு வாத்தியார் மன்னிப்புக் கேட்கிறேன்.

பன்றி வளர்ப்பவர்கள், கால்நடைத் துறையில் இருப்பவர்கள் யாராவது படித்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். ஆயுசு முழுக்கப் பிறர் பிழையைச் சிவப்பு மையால் திருத்தியவன், என் பிழையை யார் திருத்தினாலும் வருத்தப்பட மாட்டேன்.